இரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை 2:40 இருக்கும். சிங்கப்பூரில் தை செங் பக்கம் ஒரு தரவு நிலையத்தில், குளிர்காற்று ஊதும் வரிசையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். வந்த வேலை பெரிதில்லை. சர்வர் அடுக்கிய ரேக்கின் உச்சியில் இரண்டு நெட்வொர்க் சுவிட்ச், நாங்கள் ஏ என்றும் பி என்றும் கூப்பிடுவோம், இரண்டுக்கும் புது மென்பொருள் ஏற்ற வேண்டும், முதலில் ஏ, அது எழுந்து நின்ற பிறகு பி. கீழே 14 சர்வர்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஏ-க்கு ஒரு கேபிள், பி-க்கு ஒரு கேபிள். ஏ ரீபூட் ஆகும் நேரத்தில் பி தாங்கிக்கொள்ளும், அதற்காகத்தானே பாண்டிங், அதாவது இரண்டு கேபிளை ஒரே இணைப்பாகக் கட்டும் முறையை, போட்டு வைத்திருக்கிறோம் என்று, சேவை தடைபடாது என்றே வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்திருந்தோம்.

ஏ-வை ரீபூட் செய்தேன். 13 சர்வர்கள் ஒரு பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் செய்தி) கூட விடாமல் அப்படியே நின்றன. பதினான்காவது காணாமல் போய்விட்டது. அது டேட்டாபேஸ் சர்வர்.

என்னோடு வந்திருந்த பையன் திருச்சிக்காரர், இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது, நல்ல கவனமான ஆள். டார்ச்சை எடுத்துக்கொண்டு ரேக்கின் பின்பக்கம் ஓடினார். "அண்ணே, சர்வர் பக்கம் லைட் எரியுது. பி சுவிட்ச்லயும் எரியுது. கேபிள்ல ஒண்ணும் இல்லண்ணே" என்றார். அவர் சொன்னது சரிதான். விளக்கு எரிந்தது. சர்வரைத் தூரத்திலிருந்து கையாளவென்று இருக்கும் மேனேஜ்மென்ட் போர்ட் வழியாக கன்சோலில் உள்ளே போய்ப் பார்த்தேன், லினக்ஸும் அதையேதான் சொன்னது: பாண்டு அப், பி பக்கத்துக் கால், அதாவது பி-க்குப் போகும் இணைப்பு, அப். ஆனால் வெளியே போகும் வாசலான கேட்வேயைக்கூடத் தொட முடியவில்லை.

ஏ திரும்பி வர 11 நிமிடம் ஆனது. வந்ததும் சர்வரும் தானாக வந்துவிட்டது. அந்த 11 நிமிடத்தில் நாங்கள் செய்ததெல்லாம் கேபிளைப் பிடுங்கித் திரும்பச் சொருகியதுதான். அது எந்த உதவியும் செய்யாது என்று இப்போது தெரியும்.

காரணம் என்னவென்று கண்டுபிடித்தபோது மணி 4 ஆகியிருந்தது. பி சுவிட்சில் அந்த சர்வருக்கென்று ஒதுக்கியிருந்தது 17ஆம் போர்ட். கேபிளில் ஒட்டியிருந்த லேபிளும் 17 என்றுதான் சொன்னது. கேபிள் இருந்தது 18-இல். அந்த வகை சுவிட்சுகளில் மேல் வரிசை ஒற்றைப்படை, கீழ் வரிசை இரட்டைப்படை. 17-க்கு நேர் கீழே 18. எண்கள் இரண்டு வரிசைக்கும் நடுவில் பொடி எழுத்தில், சின்ன முக்கோணக் குறியோடு அச்சடித்திருக்கும், மேலே எது கீழே எது என்று அந்தக் குறியை வைத்துத்தான் சொல்ல வேண்டும். எட்டு மாதத்துக்கு முன் அந்தக் கேபிளைச் சொருகியது நான்தான். 18-ஐ யாரும் கட்டமைக்கவில்லை, அது தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே முதலாம் வீலேனில், அதாவது சுவிட்சுக்குள் பிரித்துவைத்த வேறொரு நெட்வொர்க்கில், கிடந்தது. இரு முனையும் பேசிக்கொண்டு கேபிள்களை ஒரே கட்டாகச் சேர்க்கும் எல்ஏசிபி அதில் கிடையாது. மின்சாரம் போகிறது, ஒளி வருகிறது, அதனால் விளக்கு எரிகிறது. அவ்வளவுதான் விளக்கு சொல்லும்.

எட்டு மாதமாக அந்த சர்வர் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறது. எங்கள் கண்காணிப்புத் திரையில் எட்டு மாதமும் பச்சைதான், ஏனென்றால் இரண்டு லிங்க்கும் ‘அப்’ நிலையில் இருக்கிறதா என்று மட்டுமே அதைக் கேட்கச் சொல்லியிருந்தோம்.

இதை எழுதுவதற்குக் காரணம் அந்த இரவுதான். பாண்டிங் பற்றி இணையத்தில் எவ்வளவோ இருக்கிறது, எந்தக் கோப்பில் எந்த வரி எழுத வேண்டும் என்று நகலெடுத்து ஒட்டிவிடலாம். இரண்டு கேபிள் இருப்பது வேறு, இரண்டு வழி இருப்பது வேறு என்பதை எனக்கு அந்தப் பக்கங்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கவனித்திருக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸில் பாண்டின் உண்மையான நிலை எங்கே தெரியும் என்றால், ப்ராக் அடைவுக்குள் நெட், அதற்குள் பாண்டிங், அதற்குள் உங்கள் பாண்டின் பெயரில் ஒரு கோப்பு இருக்கும், அதில். அதைத் திறந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது எம்ஐஐ ஸ்டேட்டஸ் என்ற வரியை. அது விளக்கைப் போலத்தான், கேபிளின் அடுத்த முனையில் உயிருள்ள ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்குமேல் அதற்குத் தெரியாது. எல்ஏசிபி முறையில் ஓடும் பாண்டில் பார்க்க வேண்டியவை வேறு. ஒவ்வொரு காலுக்கும் ஓர் அக்ரிகேட்டர் ஐடி இருக்கும், அது எந்தக் கட்டில் சேர்ந்திருக்கிறது என்று சொல்லும் எண், இரண்டு காலுக்கும் அந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் சர்வரில் ஒன்றுக்கு 1, மற்றதுக்கு 2 என்று இருந்தது. அப்படியென்றால் இரண்டும் ஒரே கட்டில் சேரவில்லை, ஒன்று வேலை செய்கிறது, மற்றது ஓரமாக நிற்கிறது. அடுத்தது, செயலில் உள்ள அக்ரிகேட்டரின் கீழே எத்தனை போர்ட் என்று ஒரு வரி வரும். 2 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1. மூன்றாவதாக எதிர்ப்பக்கத்தின் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கருவிக்குரிய அடையாள எண். பி பக்கத்துக் காலுக்கு அது முழுக்கப் பூஜ்யமாக இருந்தது, பன்னிரண்டு பூஜ்யம், அதாவது எதிரே யாரும் எல்ஏசிபி பேசவில்லை. எட்டு மாதமும் இந்த மூன்று வரியும் அங்கேயே இருந்திருக்கின்றன, யார் திறந்திருந்தாலும் கண்ணில் பட்டிருக்கும்.

அன்று வேலை முடிந்து வெளியே வரும்போது விடிந்துவிட்டது. கீழே பாஸை வாங்கிக்கொண்ட காவல் மேசை அங்கிள், "என்ன தம்பி, ரெண்டு மணி நேர வேலைன்னு சொன்னீங்க" என்றார். பதில் சொல்லத் தெம்பில்லை. பக்கத்தில் ஒரு பரோட்டாக் கடை, இரவு முழுக்கத் திறந்திருக்கும், அங்கே தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். திருச்சித் தம்பி அப்போதுதான் ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. "அண்ணே, ரெண்டு 10 ஜிகாபிட் சேர்த்தா 20 வரணும்ல? பேக்கப் ஓடும்போது 10-க்கு மேல ஏறவே மாட்டேங்குதே?"

ஜோகூர் போகும் வழியை வைத்துச் சொன்னேன். 1924இல் திறந்த உட்லண்ட்ஸ் கடற்பாலம் ஒன்று, 1998இல் திறந்த துவாஸ் இரண்டாம் இணைப்பு ஒன்று. இரண்டு பாலம் இருப்பதால் மொத்தமாக அதிக வண்டி போகலாம். ஆனால் ஒரு லாரி இரண்டு பாலத்திலும் ஒரே நேரத்தில் ஓட முடியாது, அது ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். எல்ஏசிபி-யிலும் ஒரு இணைப்பு, அதாவது ஒரு டிசிபி உரையாடல், தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஒரே கேபிளில்தான் போகும். தரவுப் பொட்டலங்கள் வரிசை மாறாமல் போய்ச் சேர வேண்டுமே, அதற்காக. எந்த உரையாடலுக்கு எந்தக் கேபிள் என்பதை ஒரு கணக்கு முடிவு செய்கிறது, அதற்கு ஹேஷ் பாலிசி என்று பெயர். பழைய வழக்கமான அமைப்பு லேயர் 2, மேக் முகவரிகளை மட்டும் வைத்துக் கணக்குப் போடும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, சர்வரிலிருந்து வெளியே போவதெல்லாம் கேட்வே வழியாகப் போகிறது என்றால் எல்லாவற்றுக்கும் எதிர் மேக் முகவரி ஒன்றே, அதனால் கணக்கின் விடையும் ஒன்றே, எல்லாப் போக்குவரத்தும் ஒரே கேபிளில் அடைந்துகொள்ளும், இன்னொன்று சும்மா கிடக்கும். லேயர் 3+4 என்று மாற்றினால் ஐபி முகவரியும் உரையாடலின் போர்ட் எண்ணும் (சுவிட்சில் கேபிள் சொருகும் போர்ட் இல்லை) கணக்கில் சேரும், பல உரையாடல்கள் இருந்தால் ஓரளவு பிரிந்து போகும். துண்டாடப்பட்ட பொட்டலங்கள் வரும் இடத்தில் வரிசை கொஞ்சம் கலையலாம் என்பதால் இது எல்ஏசிபி தரத்துக்கு முழுக்க ஒத்தது இல்லை என்று லினக்ஸ் ஆவணமே எச்சரிக்கிறது. எங்கள் இடத்தில் அதனால் தொல்லை வந்ததில்லை, நான் இதைத்தான் போடுகிறேன். அப்புறம் ஒன்று, இது சர்வரிலிருந்து வெளியே போகும் பாதைக்கு மட்டும். சுவிட்சிலிருந்து சர்வருக்கு வருவதை சுவிட்ச் தன் கணக்குப்படி பிரிக்கும், அங்கேயும் போய் மாற்ற வேண்டும். பேக்கப் வேலையை எட்டு ஓட்டங்களாகப் பிரித்து ஓடவிட்ட பிறகுதான் தம்பி இரண்டு கேபிளும் நிரம்புவதைப் பார்த்தார்.

வேகத்துக்காகத்தான் பாண்டிங் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1994இல் நாசாவின் கொடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் பியோவுல்ஃப் என்ற கணினிக் கூட்டத்தைக் கட்டினார்கள், சாதாரண 486 வகைக் கணினிகள் 16. நொடிக்கு 10 மெகாபிட் ஈதர்நெட் ஒன்று அந்தச் சில்லுகளின் வேகத்துக்குப் போதவில்லை, அதனால் ஒன்றுக்கு மேற்பட்டதைச் சேர்த்துக் கட்டினார்கள். லினக்ஸின் பாண்டிங் டிரைவர் அந்தப் பெக்கர் எழுதிய ஒட்டுகளிலிருந்து (பேட்ச்), கெர்னல் 2.0 காலத்தில் வந்தது. இன்றைக்கும் முறை எதுவும் சொல்லாமல் பாண்டு உருவாக்கினால் லினக்ஸ் எடுத்துக்கொள்வது ரவுண்ட் ராபின்தான், பொட்டலத்தை இங்கொன்று அங்கொன்றாக மாறி மாறி அனுப்பும் முறை. வரிசை கலையும், டிசிபி ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைத்துத் திரும்ப அனுப்பும், சுவிட்சில் அதற்கேற்ற அமைப்பு இல்லாவிட்டால் மேக் முகவரி இரண்டு போர்ட்டுக்கும் நடுவில் தாவிக்கொண்டே இருக்கும். எனவே முறையை எழுதாமல் விடாதீர்கள்.

ஏழு முறை இருக்கிறது, 0 முதல் 6 வரை. நான் பயன்படுத்துவது இரண்டுதான். சுவிட்ச் நம் கையில் இருந்தால் 4, அதாவது எல்ஏசிபி. 802.3ஏடி என்று 2000இல் வந்த தரம், 2008இல் 802.1ஏஎக்ஸ் என்ற வீட்டுக்குக் குடிபோய்விட்டது, ஆனால் லினக்ஸில் இன்னும் பழைய பெயரில்தான் எழுதுகிறோம். இரண்டு தனித்தனி சுவிட்சுக்கு எல்ஏசிபி கட்டவேண்டும் என்றால் அந்த இரண்டும் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு சர்வருக்கு ஒரே சுவிட்ச் போலக் காட்சி தரவேண்டும், எம்லேக் என்பார்கள், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அது இல்லாத இரண்டு சுவிட்சில் எல்ஏசிபி போட்டால் நான் மேலே சொன்ன அதே அக்ரிகேட்டர் 1, அக்ரிகேட்டர் 2 நிலைமைதான்.

சுவிட்ச் நம் கையில் இல்லையென்றால் 1, ஆக்டிவ் பேக்கப். ஒன்று ஓடும், மற்றது காத்திருக்கும். சுவிட்சில் எதுவும் செய்ய வேண்டாம். சின்ன நிறுவனங்கள் பலவற்றுக்கு இதுவே தாராளம் என்பது என் கருத்து, இதைச் சொன்னால் ஒரு கேபிள் வீணாகிறதே என்று வருத்தப்படுகிறார்கள், பயணப் பையில் குடை வைத்துக்கொண்டு போவது வீணா? ஆனால் இந்த முறையில் எங்களுக்கு நடந்த தவறு நடந்தால் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், காத்திருக்கும் கேபிள் தவறான வீலேனில் இருந்தாலும் எம்ஐஐ கண்காணிப்பு பச்சை காட்டும், எதிரே எல்ஏசிபி பேசும் ஆளும் இல்லை, பூஜ்யத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள. இங்கே ஏஆர்பி கண்காணிப்பு உதவும், ஏஆர்பி என்பது இந்த ஐபி முகவரி யாருடையது என்று நெட்வொர்க்கில் கேட்கும் முறை. கேட்வேயின் முகவரியைக் கொடுத்துவிட்டால் ஓடும் கால் வழியாக இடைவிடாமல் ஏஆர்பி கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும், அந்தக் கேள்வி எல்லோருக்கும் பரவும் வகை என்பதால் அதே வீலேனில் இருந்தால் காத்திருக்கும் காலுக்கும் சுவிட்ச் வழியாக வந்து சேரும். ஏஆர்பி வேலிடேட் என்பதையும் போட்டுவிட்டால், வந்து சேராத காலை டவுன் என்று காட்டிவிடும். சுவிட்சுக்கு மேலே இருக்கும் இணைப்பு அறுந்தாலும் இது கவனிக்கும், எம்ஐஐ கவனிக்காது. எல்ஏசிபி முறையோடு ஏஆர்பி கண்காணிப்பைச் சேர்க்க முடியாது, அங்கே எம்ஐஐ-தான், 100 மில்லிநொடி வைப்பது வழக்கம்.

எல்ஏசிபி-யில் இன்னொரு எண்ணையும் பாருங்கள். இரு பக்கமும் தான் இருப்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும், மெதுவான வேகத்தில் 30 நொடிக்கு ஒருமுறை, விரைவில் நொடிக்கு ஒருமுறை. மூன்று முறை பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று முடிவு. ஆக மெதுவில் 90 நொடி, விரைவில் 3. கேபிளைப் பிடுங்கினால் இந்த எண்ணுக்கு வேலையே இல்லை, லிங்க் விழுந்ததுமே தெரிந்துவிடும். சுவிட்ச் உள்ளுக்குள் தொங்கிப்போய் விளக்கு மட்டும் எரியும்போதுதான் வித்தியாசம், 90 நொடி போக்குவரத்தைக் கிணற்றில் கொட்டுவதா 3 நொடி கொட்டுவதா என்று. லினக்ஸில் தொடக்க அமைப்பு மெதுவானது. விரைவுக்கு மாற்றுங்கள், சுவிட்ச் பக்கமும் மாற்றுங்கள்.

போர்ட்டின் பெயர் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. முன்பெல்லாம் ஈத்0, ஈத்1, ரீபூட் செய்தால் எது எது என்று மாறிக்கூடப் போகும். 2013இல் சிஸ்டம்டி பெயர் வைக்கும் முறையை மாற்றியது. இஎன்ஓ1 என்றால் தாய்ப்பலகையிலேயே இருக்கும் முதல் போர்ட், இஎன்எஸ்2எஃப்0 என்றால் இரண்டாவது ஸ்லாட்டில் இருக்கும் கார்டின் முதல் போர்ட். பார்க்கக் கரடுமுரடு, எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது, பெயரே இடத்தைச் சொல்கிறது. ஒரே கார்டில் இருக்கும் எஃப்0, எஃப்1 இரண்டையும் கட்டிப் பாண்டு போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன், கார்டு போனால் இரண்டும் சேர்ந்து போகும். தாய்ப்பலகையில் ஒன்று, கார்டில் ஒன்று எடுங்கள். பெயர் சொன்னாலும் நம்பாமல், ஈத்டூல் கட்டளையில் விளக்கை மினுக்கவைக்கும் வசதி இருக்கிறது, அதை ஓடவிட்டுவிட்டு ஒருவர் பின்னால் போய் எது மினுக்குகிறது என்று விரலை வைத்துச் சொல்ல வேண்டும். அதே கேபிளைக் கையால் தடவிக்கொண்டே மேலே சுவிட்ச்வரை போய், முக்கோணக் குறியைப் பார்த்து, போர்ட் எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும். இப்போது நாங்கள் இருவராகத்தான் செய்கிறோம், ஒருவர் படிக்க ஒருவர், எந்தப் போர்ட்டில் யார் என்று சொல்லும் சுவிட்சின் எல்எல்டிபி தகவலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

மேனேஜ்மென்ட் போர்ட் தனியாக இல்லாமல் முதல் நெட்வொர்க் போர்ட்டையே பங்குபோட்டுக்கொள்ளும் சர்வர்கள் உண்டு. அந்தப் போர்ட்டை எல்ஏசிபி கட்டில் சேர்க்காதீர்கள், சுவிட்ச் அனுப்பும் பதில் மற்றக் கேபிளில் போய்விட்டால் மேனேஜ்மென்டுக்கு அது கிடைக்காது, பாண்டைத் தப்பாக எழுதிவிட்டு உள்ளே போக வழியில்லாமல் டாக்சி பிடித்துப் போகும்படி ஆகும். நெட்வொர்க் வழியாக ஓஎஸ் ஏற்றுபவர்களுக்கும் ஒரு வார்த்தை, அந்த நேரத்தில் சர்வர் எல்ஏசிபி பேசாது, சில சுவிட்ச்கள் போர்ட்டையே நிறுத்தி வைத்துவிடும், எல்ஏசிபி இல்லாமலும் போர்ட்டைத் திறந்துவைக்கும் ஃபால்பேக் என்ற அமைப்பை முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

உபுண்டுவில் நெட்பிளான் ட்ரை என்று ஒரு நெட்வொர்க் அமைப்புக் கட்டளை இருக்கிறது, மாற்றத்தைப் போட்டுவிட்டு 120 நொடிக்குள் நாம் சரி சொல்லாவிட்டால் பழையதுக்குத் திரும்பிவிடும். அருமையான வசதி. ஆனால் எங்களிடம் இருக்கும் பதிப்பில், பாண்டுக்கென்று தனி அமைப்புகள் எழுதியிருந்தால், என்னால் திருப்ப முடியாது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறது. எங்கே அதிகம் தேவையோ அங்கே இல்லை. அதனால் பழைய கோப்பை நகல் எடுத்து வைத்து, ஐந்து நிமிடம் கழித்து அதைத் திரும்பப் போடும் சின்ன ஸ்கிரிப்டைப் பின்னணியில் ஓடவிட்டுத்தான் புதியதைப் போடுகிறேன். எல்லாம் சரியாக இருந்தால் ஸ்கிரிப்டை நிறுத்திவிடலாம்.

கடைசியில் பிடுங்கிப் பார்க்க வேண்டும். வேறு சர்வரிலிருந்து நொடிக்கு ஐந்து பிங் ஓடவிட்டு, ஏ கேபிளைப் பிடுங்கி, எத்தனை விழுகிறது என்று எண்ணி, திரும்பச் சொருகி, அக்ரிகேட்டர் எண் ஒன்றாகும்வரை காத்திருந்து, அதன்பிறகு பி. இரண்டையும் பிடுங்க வேண்டும், ஒன்றைப் பிடுங்கிப் பார்த்து எல்லாம் சரி என்று கிளம்புபவர்கள் பாதிச் சோதனைதான் செய்திருக்கிறார்கள். ஆக்டிவ் பேக்கப் என்றால் சொருகிய பிறகும் கவனம் வேண்டும், ரீபூட் ஆன சுவிட்ச் போக்குவரத்தை ஏற்கத் தயாராகும் முன்பே விளக்கை ஏற்றிவிடும், சர்வர் அதை நம்பித் திரும்பிப் போனால் அந்த நேரம் முழுக்க இருட்டு. அப்டிலே என்ற எண்ணை எம்ஐஐ இடைவெளியின் மடங்காக வைத்துக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லலாம்.

அந்த இரவுக்குப் பிறகு அதே கூண்டில் இருக்கும் மற்ற ரேக்குகளையும் திறந்து பார்த்தோம், மொத்தம் 40 சர்வர். இன்னும் இரண்டு சிக்கின. ஒன்றில் இரண்டு கேபிளும் ஏ சுவிட்சுக்கே போயிருந்தது, இது கோப்பில் முழுக்கச் சரியாகத்தான் தெரிந்தது, தம்பிதான் கேபிளைத் தடவிக்கொண்டே போய்க் கண்டுபிடித்தார். மற்றதில் பி பக்கம் எல்ஏசிபி-யே எழுதவில்லை. கண்காணிப்பில் இப்போது அக்ரிகேட்டரின் கீழ் இருக்கும் போர்ட் எண்ணிக்கையையும், எதிர்ப்பக்க மேக் பூஜ்யமா என்பதையும் கேட்கிறோம்.

வாடிக்கையாளரிடம் பேசி வாரம் மூன்று சர்வராகப் பிடுங்கிப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறோம், சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகு. 29 முடிந்தது. இந்த வாரம் பிடுங்கப்போவது தம்பி, எண்ணப்போவது நான்.